கண்டியிலிருந்து கொண்டு செல்வன

விழாவுக்கெனத் தூரத்திலிருந்து வரும் பழைய மாணவர், கூட்டம் முடிந்ததும் ஆசிரியரை நாடிக் கேட்கும் வினா ஒன்றுண்டு: "ஐயா, வீட்டுக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?" தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினாவோ இது எனச் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், இந்நகரிற் பல்லாண்டு வாழ்ந்து பன்முறை ஏமாந்தவன் என்னும் தகுதி எனக்குண்டு.

கடைகளிலே வரிசையாகத் தொங்கும் மரமுகமூடிகள் கண்டிக்குரியனவல்ல. அது தென்கரை அம்பலாங்கொடையின் கலை. அங்கே சென்று வாங்குவதே முறை. தேயிலை வேண்டுவோர் தாராளமாக வாங்குக. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை இம்மாவட்டத்தில்தான் உளது. மாத்தளை வழியிற் செல்வோர் மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொள்ளலாம். இவற்றில் அதிகம் ஆராய வேண்டுவதில்லை.

ஆராய வேண்டியது கித்துள் கருப்பட்டி. கித்துள் மரத்தின் பாளையைச் சீவி, ஊறும் பதநீரைக் காய்ச்சினாற் பாணி. மேலும் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்தாற் கருப்பட்டி. உயர்ந்த மரத்தில் ஏறி இறங்குவோன் உயிரைப் பணயம் வைத்தே இதனைத் தருகின்றான். இடையிற் புகுந்த வியாபாரி சீனியைக் கலந்து ஒன்றை இரண்டாக்குகின்றான். ஒருமுறை தெருவோரத்தில் மலிவாகக் கிடைத்ததென்று நான்கு கட்டிகள் வாங்கி யாழ்ப்பாணம் கொண்டு சென்றேன். பனங்கட்டியிலேயே வளர்ந்த என் தாயார் ஒரு துண்டை நாவில் வைத்தார். "தம்பி, இது சீனிக்கட்டியல்லோ!" என்றார். அதன்பின், காய்ச்சுவோர் வீட்டிலேயே வாங்குகின்றேன். விலை அதிகந்தான், அதுவே அதன் உண்மை விலை.

இனி, என் மனத்தை உறுத்தும் பொருளுக்கு வருகின்றேன். தும்பறைப் பகுதியில், மெனிக்கின்னைக்கு அண்மையிலுள்ள ஹேனவல என்னும் சிற்றூரிற் கற்றாழை நாரிலே பாய் நெய்கின்றனர். இலையைச் சீவி நாரெடுத்துக் கழுவிச் சாயமேற்றுவர். சிவப்புக்குப் பதிமுகம், மஞ்சளுக்கு மரமஞ்சள் என்பது பழைய மரபு. பின்னர்த் தரையோடொட்டிய தறியில், யானையும் மானும் பறவையும் கோலங்களுமாக நெய்வர். 2021 இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கைவினையை மானுடத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஆனால், இதனை நெய்தோர் சாதியின் பேரால் நெடுங்காலம் தாழ்த்தி ஒதுக்கப்பட்டவர் என்பதைப் பட்டியலைப் போற்றுவோரிற் பலர் பேசுவதில்லை. அந்நோய் நமக்கு அந்நியமானதன்று. ஆகலின் நாமேனும் பேசலாம்.

1815 இற் கண்டியரசு வீழ்ந்தபின் ஆதரவிழந்த இக்கைவினைகளை ஆராய்ந்து, 1908 இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டவர், நம்மவரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி. அவர் பெயரை மேடையிற் புகழ்ந்து பேசும் நாமே, பாய் வாங்கும்போது பத்து ரூபாய்க்கு வழக்காடுகின்றோம்.

யானும் வழக்காடினேன். சில ஆண்டுகளுக்கு முன், மாணாக்கர் சிலருடன் அங்கே சென்று, ஒரு மூதாட்டியார் நெய்த சிறு பாயை, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்திற் பேரம் பேசி, கேட்ட விலையில் மூன்றிலொன்றைக் குறைத்து வாங்கினேன். அவர் மறுக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு மாணவன், "சேர், அதை நெய்ய எத்தனை நாள் சென்றிருக்கும்?" என்று வினவினான். வகுப்பறையில் அவன் வாய்திறப்பது அரிது. எனக்கு விடை தெரியவில்லை, கேட்கவுமில்லை.

அடுத்த விடுமுறையில் மீண்டும் சென்று, இன்னொரு பாயைக் கேட்ட விலைக்கே வாங்கினேன். எத்தனை நாள் என்றும் கேட்டேன். அம்மூதாட்டியார் விரல்களை மடித்து எண்ணத் தொடங்கி, நார் காய்ந்த நாள்களையும் சேர்ப்பதா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.