படத்தில் நிற்கவிடுங்கள்

தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் நம் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. மறு ஆண்டு ஜூனில் அதன் மையங்களின் பிள்ளைகள் கூகுள் ரீட் அலாங் செயலியில் வாசிப்பு மாரத்தான் ஓடினார்கள். உரக்க வாசித்தால் செயலி கேட்கிறது, தடுமாறினால் சொல்லிக்கொடுக்கிறது, சரியாக வாசித்தால் நட்சத்திரம் தருகிறது. வீட்டில் வாசித்துக்காட்ட ஆளில்லாத பிள்ளைக்கு இது பெரிய துணை, மறுக்கவில்லை. ஆனால் படக்கதையில் பாதிக் கதை படத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு நட்சத்திரம் கிடையாது. அதனால் பிள்ளை நிற்பதில்லை.

பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பரில் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் வேறு வகை. அங்குள்ள கதைகளைப் படிக்கலாம், அச்சிடலாம், மாற்றியும் எழுதலாம்; கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் அதற்கு இடம் தருகிறது. எழுத்தாளர், ஓவியர் பெயர்களை மட்டும் விடக்கூடாது. (வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்களில் ஓவியர் பெயரை வெட்டிவிடுவது யார் செய்த புண்ணியமோ!) நாமோ கதையை இறக்கி, ஸ்மார்ட் போர்டில் ஓட்டி, அதோடு முடித்துக்கொள்கிறோம்.

செஞ்சி வட்டாரப் பள்ளி ஒன்றில் இப்படிச் செய்து பார்க்கலாம். மலையோ கோட்டையோ வரும் கதையை முதலில் தாளில் வாசியுங்கள். அதுவரை திரை வேண்டாம். புத்தகத்தை மூடியபின் கூகுள் எர்த்தில் செஞ்சிக் கோட்டையைத் திறந்து, அதன் மலைகளைச் சாய்த்துத் திருப்பிக் காட்டுங்கள். ராஜகிரியைத் தினமும் அண்ணாந்து பார்த்தே வளர்ந்த பிள்ளை, மதில் கிருஷ்ணகிரிக்கும் சந்திரகிரிக்கும் ஓடி மூன்றையும் வளைப்பதை மேலிருந்து பார்க்கும். “இவ்ளோ பெரிய சுவரு யாருக்குப் பயந்து கட்டுனாங்க டீச்சர்?” என்று ஒரு கேள்வி வந்தால் போதும், திரையை அணைத்துவிடலாம்.

அந்தக் கேள்வியிலிருந்து பிள்ளைகள் சொல்லும் கதையை அவர்கள் பேச்சிலேயே தட்டச்சு செய்யுங்கள்; ஸ்டோரிவீவரின் படவங்கியிலிருந்து பிள்ளைகளே படம் தேர்ந்தெடுக்கட்டும். கதையில் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா குதிரையோடு வந்து குதிப்பார், வரட்டும். அவர் போரில் மாண்டது 1714 என்று உடனே திருத்தப் போகாதீர்கள். 2025 ஜூலையில் கோட்டைக்கு யுனெஸ்கோ உலக மரபுத் தகுதி கிடைத்ததிலிருந்து, ஆண்டு கேட்கும் பொது அறிவு வினாக்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

ஏ4 தாளில் அச்சிட்டு, மடித்து, ஸ்டேப்ளர் அடித்தால் புத்தகம் தயார். அதை நிலைவாரியாகப் பிரித்த வாசிப்பு இயக்க நூல்களுக்கு நடுவே வையுங்கள். ‘நுழை’ நிலையா, ‘நட’ நிலையா, எந்த வரிசையில் வைப்பது என்பதை இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுத்து, அவளையே சொல்லச் சொல்லுங்கள்.