சரிவு மனையில் இரண்டு குடித்தனம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். ஆயுள் முழுக்கத் தோட்ட லயத்தில் குடியிருந்த நம்மவர்களுக்கு, சொந்தமாகக் கட்டும் வீடு ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் சேமநிதி 55 வயதில் கைக்கு வரும். மகனுடைய சந்தாவிலோ, 2024 மே முதல், நூறு வெள்ளிக்குப் பதினைந்து வெள்ளிதான் வீட்டுக்கு எடுக்கக்கூடிய செஜாத்தெரா கணக்கில் சேர்கிறது. இந்தப் பணத்தில் கட்டும் வீட்டை இடித்துக் கட்ட வழியில்லை. ஆகவே யோசனை முதலில், செங்கல் பிறகு.

சாஆ, லாபிஸ் பக்கம் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் மனை வாங்கினால், அது சரிவாக அமைந்துவிடுவது உண்டு. பயப்பட வேண்டாம். மகன் குடும்பத்துக்கு ஒரு தளம், பெற்றோருக்குத் தனிச் சமையற்கட்டு, தனிக் குளியலறையுடன் ஒரு தளம் என்று கட்ட நினைப்பவர்களுக்குச் சரிவு ஒரு வசதி. மேல்தளத்துக்கு மேட்டுப் பக்கமும் கீழ்த்தளத்துக்குப் பள்ளத்துப் பக்கமும் வாசல் வைக்கலாம். இரண்டு வாசலும் தரையோடு தரையாக இருக்கும்.

எந்தத் தளம் யாருக்கு? பலர் பெரியவர்களைக் கீழே அனுப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சாலை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துத் தளம்தான் பெற்றோருக்கு. 1984ஆம் ஆண்டுக் கட்டட உட்சட்டப்படி ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சாலைக்கும் வாசலுக்கும் மூன்று மீட்டர் வித்தியாசம் இருந்தால் பதினேழு படி. முட்டிவலிக்காரர் கோயிலுக்குப் போகவும், மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லவும் பதினேழு படி என்றால், அம்மா வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவார்.

அடுத்தது தண்ணீர். 2023 மார்ச்சில் சாஆ வட்டாரம் வெள்ளத்தில் தவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் ஏறிய பள்ளமாக இருந்தால் கீழ்த்தளத்தில் யாரையும் குடிவைக்க வேண்டாம். காரும் தட்டுமுட்டுச் சாமான்களும் இருக்கட்டும். மேட்டிலிருந்து இறங்கும் மழைநீரை வீட்டுக்குப் பின்னாலேயே கால்வாய் வெட்டித் திருப்பிவிடுங்கள். மண்ணைத் தாங்கும் சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைக்குழாய்கள் அவசியம். மண்ணோடு தேங்கும் தண்ணீரின் பாரம்தான் சுவரைத் தள்ளும். 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டார்கள். அங்கேயும் மலைச்சரிவில் இறங்கிய நீர் மண்ணை இளக்கியது. நம் வீடு சிறியதுதான். தண்ணீரின் குணம் ஒன்றுதான்.

மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி மட்டமாக்கும்போதும் கவனம் வேண்டும். பாதி வீடு வெட்டிய கெட்டித் தரையிலும், பாதி கொட்டிய மண்ணிலும் நின்றால், கொட்டிய மண் அமிழ அமிழச் சுவர் வெடிக்கும். கூடியவரை குறைவாக வெட்டி, தூண்களைக் கெட்டி மண் வரை இறக்கும்படி பொறியியலாளரிடம் கேளுங்கள்.

வேலை தொடங்குமுன் இரண்டு காகிதம் பார்க்க வேண்டும். ஒன்று நிலப் பட்டா: விவசாய நிலமா, கட்டட நிலமா? நில அலுவலகத்தில் விசாரியுங்கள். மற்றொன்று வரைபடம். 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடத்துக்கும் மண்வேலைக்கும் ஊராட்சி மன்ற அனுமதி தேவை. சாஆவுக்கு அது லாபிஸ் மாவட்ட மன்றம். கீழ்த்தளத்தைப் பிறகு சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். இரண்டு குடித்தனத்தையும் முதல் வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள்.

இன்னும் ஒரு வார்த்தை. பட்டா மகன் பெயரிலும் பணம் அப்பாவுடையதுமாக இருந்தால், யாருக்கு என்ன பங்கு என்பதை அஸ்திவாரம் போடுமுன் வழக்கறிஞரிடம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சின்போது அம்மாவும் மருமகளும் கூட இருக்கட்டும். அந்த வீட்டில் அடுப்பு மூட்டப் போகிறவர்கள் அவர்கள்தானே!