ஒத்தை வாத்து ஒன்று குளத்தில் நின்றால்... அது எதைச் சொல்கிறது?

2021 பிப்ரவரி. அசாமின் தின்சுகியா மாவட்டத்தில் உள்ள மாகுரி-மோட்டாபுங் ஏரியில் ஒரே ஒரு மாண்டரின் வாத்து வந்து இறங்கியது. அந்தப் பகுதியில் அதற்கு முந்தைய பதிவு 1902-ல். கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கிளம்பியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அதே ஏரிக்குப் பக்கத்தில்தான் 2020 மே மாதம் பாக்ஜான் எண்ணெய்க் கிணறு வெடித்தது. மாதக்கணக்கில் எரிந்தது. 'வாத்து வந்துடுச்சு, ஏரி தேறிடுச்சு' என்று தலைப்பு போடுவது ரொம்ப ஈசி. ஒரு பறவையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

சரி, நம்ம பக்கம் வருவோம். செங்கல், பாறசாலை ஏலாக்களிலோ, நெய்யாற்றங்கரையில் ஒரு பூங்காவின் குளத்திலோ ஒற்றைக் காட்டு வாத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சிக்கலே பெயரில்தான். தமிழில் சின்னது, பெரியது எல்லாமே வாத்து. மலையாளத்தில் சின்னது தாறாவு; பெரியதுதான் வாத்து. எல்லை ஊரில் 'வாத்தைப் பார்த்தேன்' என்றால் கேட்பவரைப் பொறுத்துப் பறவையே மாறிவிடும்!

தென்கோடியில் பெரிய வாத்து என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது வரித்தலை வாத்து. பாறசாலையிலிருந்து காரில் இரண்டு, மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய கூந்தன்குளத்துக்கு மங்கோலியா, திபெத் பக்கமிருந்து வலசை வரும் பறவை அது. இமயமலையைக் கடக்கும்போது 7,290 மீட்டர் உயரம் வரை பறந்ததை ஆய்வாளர்கள் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த வாத்துகள் குடும்பமாகப் பயணிப்பவை. குஞ்சுகள் முதல் குளிர்காலம் முழுக்கப் பெற்றோரோடுதான் இருக்கும். அதனால்தான் தனியாக நிற்பது கவனிக்க வேண்டிய விஷயம். வழி தவறிய இளம் பறவையா? அடிபட்டதா? இல்லை, யாரோ வளர்த்துத் தப்பியதா? காலில் வளையம், வெட்டப்பட்ட சிறகு, ஆளைக் கண்டால் கிட்டே வரும் பழக்கம், இதையெல்லாம் பார்க்கணும். அலகின் அடியில் புடைப்பு இருந்தால் பெரும்பாலும் வீட்டு வாத்துதான். பிரிட்டனில் வரித்தலை வாத்தைப் பார்த்தால் தப்பி வந்தது என்றே கணக்கு வைக்கிறார்கள்.

டேட்டா பக்கம் ஒரு முரண் இருக்கிறது. 2015 முதல் 2020 வரை நடந்த கேரள பறவை அட்லஸ், மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்துச் சுமார் 3 லட்சம் பதிவுகளைச் சேர்த்தது. எது குறைகிறது, எது பெருகுகிறது என்று பேச அதுதான் அடிப்படை. ஆனால் மூன்று நாள் தங்கிப் போகும் ஒற்றைப் பறவை அந்த வலையில் சிக்குவது அபூர்வம். அதைப் பிடிப்பது காலையில் வாக்கிங் போகிறவர்தான். அவர் போட்டோவோடு இ-பேர்டில் ஏற்றினால், அரிய பறவை என்று அது கொடி காட்டும். உள்ளூர் மதிப்பாய்வாளர் சரிபார்த்த பிறகே கணக்கில் சேரும்.

இன்னொன்று, கொஞ்சம் சீரியஸ். 2020 டிசம்பர் கடைசியில் இமாச்சலின் பாங் அணையில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தன. பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். அடுத்த சில நாட்களில் ஆலப்புழா, கோட்டயத்தில் வளர்ப்பு வாத்துகளை அழிக்க வேண்டி வந்தது. அங்கே இருந்தது வேறு வகை வைரஸ். ஆனாலும் வாட்ஸ்ஆப்பில் ரெண்டும் ஒரே கதையானது.

அதனால் தனி வாத்து தலை தொங்கி, தள்ளாடி நின்றால் தொடாதீர்கள், வனத்துறைக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ சொல்லுங்கள். நன்றாக மேய்கிறதா? தள்ளி நின்று படம் எடுங்கள், பிரெட் போடாதீர்கள், நாயைக் கட்டிப் பிடியுங்கள். லொகேஷனை இன்ஸ்டாவில் போடுவதை அது கிளம்பிப் போகும்வரை தள்ளி வையுங்கள்.