வந்து போகும் பழுது



வீட்டில் இரவெல்லாம் வாட்டிய பல்வலி, மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்ததும் மறைந்துவிடுவதுண்டு. எந்தப் பல் என்று அவர் கேட்டால், சொல்லத் தெரியாமல் பொய் சொன்னவரைப் போல விழிக்கிறோம். பழைய மோட்டார் கார்களின் மின் இணைப்புகளிலும் இத்தகைய நோய் ஒன்று உண்டு. சாலையில் வரும், பணிமனையில் மறையும். இதனை எங்ஙனம் கண்டுபிடிப்பது என்பதை, நான் செய்த ஒரு பிழையின் வழியாகவே கற்றுக்கொண்டேன். அதனை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எங்கள் பங்கு இல்லத்தில் 1978ஆம் ஆண்டின் அம்பாசடர் கார் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டு வந்த வண்டி இது. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், கணினி என்பது மருந்துக்கும் கிடையாது. ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுசெல்லும் அளவுக்குப் பின்னிருக்கை அகலமானது. எனவே, ஊரில் யாருக்கேனும் நள்ளிரவில் உடல்நலம் குன்றினால், எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக அவ்வண்டியை ஓட்டியவர் அறுபது வயதை நெருங்கிய ஒரு பெரியவர்.

ஒருமுறை, மழைக்காலம் முடிந்த சில நாள்களில் தொல்லை தொடங்கிற்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இருமுறை விக்கும், பிறகு அடங்கிவிடும். சில வேளை உடனே கிளம்பும். சில வேளை கால் மணி நேரம் காக்க வைக்கும். பணிமனைக்குக் கொண்டுசென்றால், அரைமணி நேரம் நின்றபடியே ஓடிக் காட்டும். "வண்டி நன்றாகத்தானே இருக்கிறது, சாமி!" என்பார் மெக்கானிக். ஆயினும் நான் வற்புறுத்தவே, காயிலை மாற்றினார். ஒன்பது நாள் தொல்லையில்லை. பத்தாம் நாள் நின்றது. கண்டென்சரை மாற்றினார்; இரண்டு வாரம் ஓடிற்று. பின்னர் பாயிண்டு, அதன்பின் பெட்ரோல் பம்பு. நான்கு பொருள்களை மாற்றினோம். பழுது மட்டும் மாறவில்லை.

இங்கே நாங்கள் ஏமாந்த விதத்தைக் கவனியுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை வரும் பழுது, எதையும் மாற்றாவிட்டாலும் ஒன்பது நாள் வராமல்தான் இருக்கும். மேலும், ஒரு பொருளைக் கழற்றி மாட்டும்போது அதன் அருகிலுள்ள கம்பிகளும் அசைகின்றன. தளர்ந்த இணைப்பு தற்செயலாகச் சரியாக அமர்ந்துவிடுகிறது. அதைக் கண்டு, "புதுப் பொருள் நோயைத் தீர்த்தது" என்று நாம் முடிவு செய்கிறோம்.

ஓட்டுநர் மட்டும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்: "சாமி, மேடு ஏறும்போது வண்டி ஒருநாளும் நின்றதில்லை. சமமான ரோட்டில், ஆக்சிலேட்டரில் காலை லேசாக வைத்து ஓட்டும்போதுதான் நிற்கிறது." நான் நகைத்தேன். மாடானாலும் மனிதனானாலும் மேட்டில்தானே மூச்சு வாங்கும்? சமதளத்தில் நிற்கும் வண்டி மேட்டில் ஏறும் என்பதை எவர் நம்புவார்?

ஒருநாள் இரவு, பேறுகாலப் பெண் ஒருத்தியை ஏற்றிச் சென்றபோது, ஏரிக்கரையில் வண்டி நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வேறோர் அழைப்புக்குச் சென்றிருந்தது. இருபது நிமிடம் இருளில் காத்திருந்த பின்னரே வண்டி கிளம்பிற்று. தாயும் சேயும் நலமாகவே இருந்தார்கள். ஆயினும், மறுநாள் காலையில் பெண்ணின் உறவினர் வந்து, ஓட்டுநர் குடித்திருந்தார் என்று குற்றம் சாட்டினார்கள். பணிமனையில் நிற்காத வண்டி இவர் கையில் மட்டும் நிற்பதேன் என்ற ஐயம் ஏற்கெனவே என் மனத்தில் இருந்தது. "பெரியவரே, உண்மையைச் சொல்லிவிடுங்கள்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார்.

மூன்றாம் வாரம் வண்டியை நானே ஓட்டிச் சென்றேன். சமமான சாலை; நிதானமான வேகம்; காலும் லேசாகத்தான் இருந்தது. எஞ்சின் இருமுறை விக்கிற்று, அடங்கிற்று.

அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்றேன். "தவறு என்னுடையது, மன்னித்துவிடுங்கள்" என்றேன். "உள்ளே வாருங்கள், சாமி" என்று மட்டும் கூறி, பள்ளிப் பிள்ளைகளின் பழைய நோட்டுப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் நாள், இடம், நேரம், எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பிற்று என்பனவெல்லாம் பென்சிலால் எழுதியிருந்தார்! நான் ஒருமுறையேனும் கேட்டிருந்தால் காட்டியிருப்பார்.

நகரிலுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் இருவருமாகச் சென்றோம். அவர் பானெட்டைத் திறக்குமுன் அந்த நோட்டைப் படித்தார். "குளிர்ந்த காலையில், கிளம்பிய ஐந்தாம் நிமிடத்திலேயே நின்றிருக்கிறது. ஆகவே இது காயில் சூடேறி வரும் கோளாறு அன்று. மழைநாள், வெயில்நாள் என்ற வேறுபாடும் இல்லை; ஆகவே ஈரமும் அன்று. மேட்டில் நிற்பதில்லை என்பதே முக்கியம்" என்றார். என் முகத்தை நான் எங்கே வைத்துக்கொள்வேன்?

பின்பு இரண்டு சிறு பன்னிரண்டு வோல்ட் விளக்குகளை எடுத்தார். காயிலுக்கு மின்சாரம் வந்து சேரும் முனையில் ஒன்றையும், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் முனையில் மற்றொன்றையும் இணைத்தார். அவற்றின் மறுமுனைகளை வண்டியின் உடலோடு சேர்த்து, நீண்ட கம்பிகளால் விளக்குகளை டாஷ்போர்டுக்குக் கொண்டுவந்தார். பெரியவரை ஓட்டச் சொல்லி, தாம் பக்கத்தில் அமர்ந்தார். முதல் விளக்கு நிலையாக எரிந்தது. இரண்டாவது விளக்கு, பாயிண்டு திறந்து மூடுவதற்கேற்பத் துடித்துக்கொண்டிருந்தது. பதினோராவது கிலோமீட்டரில் எஞ்சின் விக்கியது. வண்டி உருண்டு, எஞ்சின் இன்னும் சுழன்றுகொண்டிருந்த அவ்வேளையில், முதல் விளக்கு மாறவில்லை; இரண்டாவது விளக்கோ துடிப்பதை விட்டு நிலையாக எரிந்தது.

இதன் பொருள் யாது? முதல் விளக்கு அணைந்திருந்தால், சாவியிலோ, அங்கிருந்து வரும் கம்பியிலோ பழுது. இரண்டாவது மட்டும் அணைந்தே இருந்தால், மின்சாரம் எங்கோ உடலைத் தொட்டுக் கசியக்கூடும். அது நிலையாக எரிந்தால், காயிலுக்கு அப்பால் பாதை அறுந்துவிட்டது. பழுது காயிலுக்கு அப்பால்தான் என்பது ஐயமின்றித் தெளிவாயிற்று.

வண்டியை நிறுத்தி, சாவியை அணைத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். பாயிண்டை மூடிய நிலையில் வைத்து மீட்டரை இணைத்தார். முள், மின்பாதை சரியாக உள்ளதெனக் காட்டிற்று. அடுத்து, கார்புரேட்டரிலிருந்து வரும் சிறு குழாயைக் கழற்றி, இளநீர் குடிப்பவரைப் போல வாயால் உறிஞ்சினார். உள்ளேயிருந்த தட்டு சற்றே திரும்பிற்று. மீட்டரின் முள் சட்டென்று விழுந்தது.

மிதமான ஓட்டத்தில் எஞ்சினுக்குள் செல்லும் கலவை மெதுவாக எரியும். ஆதலால் தீப்பொறி சற்று முன்னதாகவே பிறக்க வேண்டும். அதற்காக, எஞ்சினின் உறிஞ்சுவிசை அக்குழாய் வழியாக இத்தட்டைத் திருப்புகிறது. மேட்டில் ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தும்போது உறிஞ்சுவிசை குறைந்து தட்டு திரும்பிவிடும். வண்டி நின்றபடி மெல்ல ஓடும்போதும் தட்டு நகர்வதில்லை. பாயிண்டுக்குச் செல்லும் விரல் நீளக் கம்பியொன்று, தட்டோடு ஆயிரமாயிரம் முறை வளைந்து, துணியுறைக்குள் இழையிழையாக முறிந்திருந்தது. வெளியே பார்த்தால் முழுக் கம்பி! தட்டு திரும்பினால் இழைகள் விலகும். மீண்டும் தொட்டால் வண்டி கிளம்பும். பெரியவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மெய்யாயிற்று.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். முதலில், பழுது வரும் நேரத்தையும் சூழ்நிலையையும் எழுதிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். பாட்டரி முனைகளைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். கழற்றும்போது எர்த் முனையையே முதலில் கழற்றுங்கள். எஞ்சின் ரப்பர்மேல் அமர்ந்திருப்பதால், அதனை உடலோடு இணைக்கும் செம்புப் பட்டையைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது பாட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அவ்விணைப்பு சரியில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மிக மெல்லிய பல இழைகள் கொண்ட, நன்கு வளையும் கம்பியையே போடுங்கள்; வீட்டு வயரிங்கின் விறைப்பான கம்பி விரைவில் முறியும். எரிந்த ஃபியூசுக்குப் பதிலாக சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றாதீர்கள். அடுத்து எரிவது வண்டியாகவே இருக்கலாம்.

இவை எல்லாவற்றிற்கும் முன்னதாக, வண்டியை நாள்தோறும் ஓட்டுபவரைக் கேளுங்கள். அவர் சொல்வது நமக்கு விளங்காததாலேயே அது பொய்யாகிவிடாது. மறுநாள் காலை, அப்பெண்ணின் உறவினரை அழைத்து, முறிந்த கம்பியை அவர்கள் கையில் கொடுத்தேன். சாவியைப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, "இன்று யாரைக் கூட்டிவர வேண்டும், சாமி?" என்று கேட்டார்.

அந்த நோட்டு இப்போது வண்டிக்குள்ளேயே இருக்கிறது. வண்டி நின்றதாக அவர் சொல்லும் நாளில், முதலில் அதைத்தான் எடுத்துப் படிக்கிறேன்.