முடிவு தெரிந்தும் கூடும் கூட்டம்

கடந்த ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி 'பாகுபலி: தி எபிக்' திரையரங்குகளுக்கு வந்தது. 2015-இலும் 2017-இலும் வெளியான இரு பாகங்களைச் சுருக்கி, ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் ஓடும் ஒரே படமாக இணைத்திருந்தார் இயக்குநர் எஸ்.எஸ். ராஜமௌலி. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார் என்பது நாட்டில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தப் படங்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகாத பண்டிகை விடுமுறை இல்லை, கைப்பேசியிலும் பார்க்கலாம். இருந்தும் முன்பதிவு செய்து, வாகன நிறுத்தத்துக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்து, அரைநாளைச் செலவிட்டு அதைப் பார்க்க மக்கள் வந்தார்கள்.

நீண்ட சாகசக் கதையை ஒரே அமர்வில் பார்க்கும் விழாவை ஹாலிவுட் முன்பே நடத்திக் காட்டியிருக்கிறது. 2003 டிசம்பர் 16-ஆம் தேதி அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் தேர்ந்தெடுத்த திரையரங்குகளில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் முதல் இரு பாகங்களின் நீட்டிக்கப்பட்ட வடிவங்களும், மறுநாள் வெளியாகவிருந்த மூன்றாம் பாகமும் அடுத்தடுத்துத் திரையிடப்பட்டன. இடைவேளைகள் நீங்கலாகவே பத்து மணி நேரத்துக்கு மேல். 2012 செப்டம்பரில் 'இண்டியானா ஜோன்ஸ்' படங்கள் நான்கும் இவ்வாறே ஒரே நாளில் காட்டப்பட்டன.

தமிழர்களுக்கு இது அதிசயம் அல்ல. 1958-இல் எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண்விழிக்க வேண்டியவர்களுக்காக டாக்கீஸ்களில் விடிய விடிய இரண்டு, மூன்று படங்கள் ஓடின. புண்ணியமும் பொழுதுபோக்கும் ஒரே டிக்கெட்டில் கிடைத்த காலம் அது. தரையில் மணலைக் குவித்துச் சாய்ந்துகொண்டு, மூன்றாம் படத்தின் நடுவில் உறங்கிப்போனவர்களில் நானும் ஒருவன்.

பொருளியல் ஆசிரியனாக முப்பதாண்டுகளுக்கு மேல் நான் ஒவ்வோர் ஆண்டும் முதலாமாண்டு மாணவர்களுக்கு நடத்திய பாடம், குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. முதல் மாம்பழம் தரும் இன்பத்தை நான்காவது தராது என்பதே அதன் சாரம். அவ்விதிப்படி, முடிவு தெரிந்த படத்தை ஐந்தாம் முறை பார்க்கப் பணம் கொடுப்பவர் அரிதாகவே இருக்க வேண்டும். ஆனால், அந்த விதியை விளக்கிய ஆல்பிரட் மார்ஷலே 1890-இல் வெளியான தம் நூலில் ஒரு நிபந்தனையையும் குறிப்பிட்டுள்ளார். நல்ல இசையைக் கேட்கக் கேட்க அதன்மீதுள்ள நாட்டம் வளருமே தவிரக் குறையாது என்பது அவர் கருத்து. கேட்பவரின் ரசனையே அதற்குள் மாறிவிடுகிறது என்பதே அவர் தரும் விளக்கம்.

திரையரங்கில் இன்னொன்றும் நடக்கிறது. பேத்தியின் வற்புறுத்தலால் 'பாகுபலி'யைக் காண நானும் சென்றிருந்தேன். முன்வரிசை இளைஞர்கள் ஒவ்வொரு வசனத்தையும் நடிகர் வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னதாகச் சொல்லிவிட்டு, சரியாகச் சொன்ன மகிழ்ச்சியில் தாங்களே கைதட்டிக்கொண்டார்கள். பல்வாள்தேவனின் முடிசூட்டு விழாவில், அரியணையில் இருப்பவனை விட்டுவிட்டுப் பாகுபலியின் பெயரை மக்கள் முழங்கும் காட்சி வந்தது. திரையில் எழுந்த ஆரவாரம் எது, அரங்கில் எழுந்த ஆரவாரம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. அருகில் அமர்ந்திருந்த, என்னையொத்த வயதுடைய அம்மையார் ஒருவர் முதலில் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு அவரும் கைதட்டினார். இந்த இன்பத்தைப் படம் மட்டும் தரவில்லை. பார்வையாளர்களும் சேர்ந்து உற்பத்தி செய்கிறார்கள். நுகர்வோரே உற்பத்தியிலும் பங்கு கொள்ளும் பண்டங்கள் சந்தையில் மிகச் சில. கோயில் திருவிழாவையும் கிரிக்கெட் ஆட்டத்தையும் இந்த வகையில் சேர்க்கலாம். வீட்டுத் தொலைக்காட்சியில் இலவசமாகக் கிடைப்பதும் அரங்கில் காசு கொடுத்து வாங்குவதும் ஒரே பண்டம் அல்ல.

வணிகக் கணக்கு எளிமையானது. புதுப் படத்துக்கு முதலீடு, வட்டி, விளம்பரம், தோல்வி பற்றிய அச்சம் எல்லாம் உண்டு. பழைய படத்தின் தயாரிப்புச் செலவு என்றைக்கோ முடிந்துபோனது. எண்ணிம முறையில் பிரதி எடுத்து அனுப்புவதற்கு, முன்பு படச்சுருளுக்கு ஆனதில் ஒரு சிறு பகுதியே ஆகிறது. வசூலில் ரசிகரின் உழைப்புக்குப் பங்கில்லை என்று அவர் கேட்கப் போவதும் இல்லை. 2012-இல் எண்ணிம மெருகூட்டலுடன் வந்த 'கர்ணன்' நூறு நாள்களைக் கடந்தபோதே திரைத்துறையினர் இதைப் புரிந்துகொண்டனர். 2014 மார்ச்சில் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' சென்னையில் 175 நாள்களைத் தாண்டியது. 2024-இன் தொடக்க மாதங்களில் பெரிய நடிகர்களின் புதுப்படங்கள் போதிய அளவில் வராதபோது, மறுவெளியீடுகளே பல அரங்குகளின் விளக்கை எரியவைத்தன. ஏப்ரலில் வந்த 'கில்லி' அதன் உச்சம். சென்ற ஆகஸ்டில் 'கேப்டன் பிரபாகரன்' வந்தது.

சிறு தயாரிப்பாளர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. ஆண்டுக்கு 200-க்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வரும் நிலையில், இருக்கும் திரைகளையும் இறந்தகாலம் பிடித்துக்கொள்கிறதே என்கிறார்கள். அவர்களின் இடர்ப்பாடு உண்மை, காரணம் வேறு. பெரிய நடிகரின் புதுப்படம் முதல் வாரத்தில் ஒரே நேரத்தில் எல்லாத் திரைகளையும் பிடித்துக்கொள்வதே சிறு படங்களை வெளியேற்றுகிறது. 'கர்ணன்' தடுத்து நிறுத்திய புதுப்படம் என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. எந்தப் பழைய படம் திரும்பி வருகிறது, எது வருவதில்லை? நட்சத்திரத்தின் செல்வாக்கு, விழா ஆண்டு, உரிமையாளரின் ஆர்வம் ஆகியவை பதிலின் ஒரு பகுதி. மறுபகுதியை யாரும் பேசுவதில்லை. படம் இருந்தால்தானே வரும்?

'ஷோலே'யை எடுத்துக்கொள்வோம். 1975-இல் வந்த அந்தச் சாகசப் படத்தின் பெயரைக் கேட்டிராத இந்தியர் குறைவு. அதன் பொன்விழாவையொட்டி முழு வடிவத்தை மீட்டெடுக்கச் சென்றவர்கள் கண்டது, பயன்படுத்தவே முடியாதபடி சிதைந்திருந்த மூல நெகட்டிவ். 70 மி.மீ. பிரதி ஒன்றுகூட எஞ்சவில்லை. பிரிட்டனில் ஒரு கிடங்கிலும் மும்பையில் தயாரிப்பாளரின் கிடங்கிலும் கிடைத்த இடைநிலைப் பிரதிகளைக் கொண்டு சட்டம் சட்டமாகச் சீரமைத்துத்தான், தணிக்கையால் மாற்றப்பட்ட அதன் மூல முடிவோடு கடந்த ஆண்டு இத்தாலியின் போலோன்யா நகரில் திரையிட முடிந்தது. மூன்று மணி நேரப் படம் என்றால் 2,59,200 சட்டங்கள். நாட்டின் மிகப் புகழ்பெற்ற படத்துக்கே இக்கதி.

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளியானதும் ஓர் அக்டோபர் 31-ஆம் தேதியில்தான். இன்று அதன் பிரதி எங்கும் இல்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' பற்றியும் எழுத்துக் குறிப்புகளே மிச்சம். அக்காலத்து நைட்ரேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றுபவை. அவற்றிலிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் ஏராளம். 2003 ஜனவரியில் புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் தீயில் அழிந்தன. பின்வந்த அசிடேட் சுருள்கள் எரியவில்லை. வெப்பமும் ஈரமும் கூடிய நம் ஊர்க் கிடங்குகளில் காடி நெடி வீச மெல்ல மெல்லச் சுருங்கிப்போயின. 2010-களில் எண்ணிமத் தொழில்நுட்பம் வந்ததும் படச்சுருள் ஆய்வகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நெகட்டிவ்களின் வாடகை நிலுவையைக் கட்ட ஆளில்லை. உரிமை கைமாறிக் கைமாறி, எந்தப் பெட்டி யாருடையது என்பதே தெரியாமற் போனது.

தனியுரிமையாளரைக் குறை கூறிப் பயனில்லை. இருபதாண்டுகளுக்குப் பிறகு வரக்கூடிய, வராமலும் போகக்கூடிய வருவாய்க்காக இன்றைக்குக் குளிரூட்டிய அறைக்கு மாத வாடகை கட்டுவது எந்த வணிகருக்கும் கட்டுப்படியாகாது. அந்தப் பாதுகாப்பின் பயன் பெரும்பாலும் பிறருக்கே போகிறது. இத்தகைய இடத்தில் சந்தை தவறும் என்பதும், பொதுப்பணம் தேவை என்பதும் எங்கள் துறையில் வலதும் இடதும் ஒத்துக்கொள்ளும் சில விஷயங்களுள் ஒன்று.

இதில் காலக்கெடு ஒன்றும் நெருங்கிவிட்டது. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்துக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1965-இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்துக்கு அது கடந்த டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. பி.ஆர். பந்துலு இயக்கத்தில், எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாக இணைந்து நடித்த, அடிமைகளும் கடற்கொள்ளையரும் நிறைந்த அந்தக் கதை இப்போது மக்கள் சொத்து. பாடல், வசனம், இசை ஆகியவற்றின் உரிமைகள் தனிக் கணக்கு. 1964-இல் வந்த 'கர்ணன்' அதற்கு ஓராண்டு முன்பே அந்நிலையை அடைந்தது. 'பாதாள பைரவி', 'மர்மயோகி', 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'நாடோடி மன்னன்' எல்லாம் எப்போதோ அடைந்துவிட்டன. சட்டப்படி எந்தக் கல்லூரித் திரைப்படக் கழகமும் இவற்றைக் கொண்டு ஒரு சாகசப் பட வாரம் நடத்தலாம்.

நடத்தப் பிரதிக்கு எங்கே போவது? இணையத்தில் உலவும் மங்கலான, தொலைக்காட்சி முத்திரை பதிந்த, பாடல் வெட்டிய வடிவங்கள் கிடைக்கும். உரிமை பொதுவாகிவிட்டது, நல்ல நெகட்டிவ் இருந்தால் அது தனியார் அலமாரியில் இருக்கிறது. அதைத் தரும்படி எவரையும் சட்டம் கேட்பதில்லை. நிலத்துக்குப் பட்டா கிடைத்துவிட்டது, நிலத்தைத்தான் ஆறு கொண்டுபோய்விட்டது என்பது போன்ற நிலை.

புத்தகத்துக்கு நாம் இப்படிச் செய்யவில்லை. 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி, பதிப்பாளர் தாம் வெளியிடும் ஒவ்வொரு நூலையும் நான்கு நூலகங்களுக்குத் தம் செலவில் அனுப்பியாக வேண்டும். அவற்றுள் ஒன்று சென்னையின் கன்னிமாரா. விற்காத கவிதைத் தொகுப்புக்கும் அங்கே இடமுண்டு. பிரான்ஸில் திரைப்படங்களுக்கும் இத்தகைய கட்டாயம் உள்ளது. அமெரிக்காவில் 1988-இல் இயற்றிய சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் 25 படங்கள் பாதுகாப்புக்குரியவையாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. 'இண்டியானா ஜோன்ஸ்' வரிசையின் முதல் படம் 1999-இலும் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகம் 2021-இலும் அப்பட்டியலில் ஏறின. வாள்சண்டையையும் சாட்டை வீச்சையும் பாரம்பரியமாகக் கருத அவர்கள் கூசவில்லை. நம்மிடமோ பாதுகாப்பு என்றாலே விருது பெற்ற படம்தான் நினைவுக்கு வருகிறது.

மத்திய அரசின் தேசியத் திரைப்படப் பாரம்பரிய இயக்கம் 597 கோடி ரூபாய்த் திட்டம்; நல்ல தொடக்கம். ஆனால், புணேயில் உள்ள ஒரு காப்பகம் எல்லா மொழிகளுக்கும் முன்னுரிமை வழங்கிக்கொண்டிருக்க முடியாது. தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய ஒரு பெட்டகத்தை அமைப்பது தமிழ்நாட்டின் நிதிநிலை அறிக்கையில் கண்ணுக்கே தெரியாத செலவு. மறுவெளியீட்டுக்காகப் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு படத்தின் உயர்தரப் பிரதி ஒன்றை, வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற உறுதியோடு, அங்கே ஒப்படைக்கச் செய்யலாம். ஒப்படைப்பவர்களுக்கு அந்தப் படத்தின் உள்ளாட்சிக் கேளிக்கை வரியில் சலுகை அளித்தால் மறுப்பவர் இருக்கமாட்டார்கள். கடந்த செப்டம்பர் முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய படங்களை அந்த விலைக்குள் காட்ட அரங்குகளுக்கு இப்போது காரணம் இருக்கிறது. காட்டுவதற்குப் பிரதிகள் வேண்டும்.

வன்தட்டில் ஏற்றிவிட்டோமே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். வன்தட்டின் ஆயுள், ஒழுங்காகக் காக்கப்பட்ட படச்சுருளின் ஆயுளுக்கு அருகில்கூட வராது. சில ஆண்டுகளுக்கொரு முறை புதியதற்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மெருகூட்டிய பின்னும் நெகட்டிவைத் தூக்கி எறியக்கூடாது.

வரும் ஜனவரி 1-ஆம் தேதி 1966-ஆம் ஆண்டுப் படங்களின் முறை. 'அன்பே வா', 'சரஸ்வதி சபதம்' ஆகியவை அவற்றுள் அடங்கும். அவ்வாண்டு வெளியான தமிழ்ப் படங்களின் பெயர்ப் பட்டியல் கையில் இருக்கிறது. ஒவ்வொன்றின் நெகட்டிவும் எங்கே, யாரிடம், எந்நிலையில் உள்ளது என்று அதற்கு எதிரே குறிக்க வேண்டும். இரண்டு ஆய்வு மாணவர்களும் ஒரு வாகனமும் போதும். ஆண்டு முடிவதற்குள் செய்துவிடலாம்.