வெட்டுப்புள்ளியைத் தாண்டியவன் பந்தைத் தவறவிட்டான்

அண்மையில் உறவினர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டுச் சிறுவன் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி, பெயர்பெற்ற பாடசாலையொன்றில் ஆறாம் தரத்தில் சேர்ந்திருந்தான். முற்றத்தில் நின்று ரெனிஸ் பந்தொன்றை அவனை நோக்கி மெதுவாக எறிந்தேன். கண்களை இறுக மூடிக்கொண்டு கைகளை நீட்டினான். பந்து மார்பில் பட்டு உருண்டது. மூன்றாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தது. "எனக்கு உது வராது, பெரியப்பா" என்று கூறிவிட்டு உள்ளே போய்விட்டான்.

பந்து விழுந்ததல்ல, அந்த 'வராது' என்ற சொல்லே என்னை உறுத்தியது.

ஓடுதல், தாவுதல், எறிதல், பிடித்தல், உதைத்தல், சமநிலை பேணுதல் முதலியவற்றை அடிப்படை இயக்கத் திறன்கள் என்பர். வயது ஏற இவை தாமாகவே வந்துவிடும் எனப் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. எழுத்தைப் போலவே இவையும் காட்டிக்கொடுக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் பழகப்பட வேண்டியவை. அதற்கு மிக உகந்த காலம் ஆரம்பப் பாடசாலைப் பருவமாகும்.

அப்பருவத்தை நாம் மாதிரி வினாத்தாள்களுக்குக் கொடுத்துவிட்டோம். காலையில் பாடசாலை, மாலையில் தனியார் வகுப்பு, இரவில் வீட்டுப் பயிற்சி. வறிய குடும்பத்துத் திறமைசாலிகளுக்கு நல்ல பாடசாலைகளின் கதவைத் திறப்பதே இப்பரீட்சையின் நோக்கம். அந்த நோக்கத்தை நான் குறை கூறவில்லை. அதற்காகப் பிள்ளைகளிடமிருந்து நாம் அறவிடும் விலையைப் பற்றியே பேசுகிறேன்.

எமது தலைமுறைக்கு இத்திறன்களை எவரும் வகுப்பெடுத்துக் கற்பிக்கவில்லை. கிளித்தட்டில் கோட்டை மறித்து நின்றவனை ஏமாற்றிப் பாய்ந்தபோது உடலைத் திருப்பப் பழகினோம். கிட்டியடித்தபோதும் கொக்கான் வெட்டியபோதும் கண்ணும் கையும் இணங்கின. அந்த ஒழுங்கைகளில் இன்று வாகனங்கள் விரைகின்றன. வெறுங்காணிகளுக்கு மதில்கள் எழுந்துவிட்டன. முன்பு ஊர் செய்த வேலையை இனிப் பாடசாலைதான் செய்தாக வேண்டும்.

ஆறாம் தரத்தில் நிகழ்வதோ வேறு. அங்கே விளையாட்டு என்பது போட்டியாகிவிடுகிறது. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஓடத் தெரிந்தவர் ஓடுவர். ஏனையோர் கூடாரத்திலிருந்து கைதட்டுவர். பந்தைத் தவறவிட்டவன் சிரிப்புக்கு ஆளாகிறான், வெட்கத்தால் ஒதுங்குகிறான், ஒதுங்குவதால் பழகும் வாய்ப்பையும் இழக்கிறான். பூப்பெய்தியதும் மைதானத்திலிருந்து அழைத்துக்கொள்ளப்படும் பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடங்களேனும் உடலை வருத்தி இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2019இல் அது வெளியிட்ட ஆய்வின்படி, 2016இல் 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதமானோர் அந்த அளவை எட்டவில்லை. பெண்பிள்ளைகளில் இது 85 சதவீதம். ஆண்பிள்ளைகளில் 78 சதவீதம்.

புலம்பெயர்ந்த வாசகர்கள் இதை ஊர்க் கதையாக ஒதுக்கிவிட வேண்டாம். இங்கிலாந்தில் கிராமர் பாடசாலை அனுமதிக்காக ஒன்பது வயதிலேயே பயிற்சி வகுப்புக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் பலர். அதே நாட்டின் தேசிய பாடத்திட்டமோ, ஆரம்பப் பாடசாலையை விட்டு நீங்குமுன் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது 25 மீற்றர் நீந்தக் கற்றிருக்க வேண்டும் என்கிறது. இரண்டாம்நிலைக் கல்வியின் வாசலில் உடலுக்கும் ஓர் இலக்கு உண்டு என ஏற்கும் பார்வை அது.

எமது பாடசாலைகளிடம் நான் கேட்பது பெரிதன்று. ஆறாம் தரத்தின் முதலாம் தவணையில் போட்டிகளை ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் எறியவும் பிடிக்கவும் தாவவும் பழக்குங்கள். உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். பெற்றோரே, பரீட்சை ஆண்டிலும் மாலையில் ஒரு மணிநேரத்தைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

கடந்த ஞாயிறன்று மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றேன். இம்முறை சற்றுப் பெரிய, மென்மையான பந்தொன்றை எடுத்துச்சென்று மிக அருகில் நின்று எறிந்தேன். பத்தில் நான்கைப் பிடித்தான். பதினோராவதை எறியும்படி அவனே கேட்டான்.