கால்களை எண்ணிய பின் அடிக்க

மாரிக்காலம் பிறந்ததும் குடியானவர் வீடுகளின் சுவரிலும் மச்சிலும் நீண்ட கால்களையுடைய சிறு பிராணிகள் பல காணப்படுகின்றன. அவை யாவும் விஷ ஜந்துக்களே என்றெண்ணி, பயிருக்கென வாங்கிய பூச்சி மருந்தை வீட்டினுள்ளும் தெளிப்பார் சிலர். இஃது அறவே ஒழிக்கத் தக்க வழக்கமாகும். வயலுக்குரிய நஞ்சு, நெற்குதிரும் தொட்டிலும் உள்ள இடத்திற்கு உரியதன்று.

முதலிற் செய்யவேண்டுவது கால்களை எண்ணுதலே. பூச்சிக்குக் கால்கள் 6, உடற்பகுதிகள் 3, தலையில் உணர்கொம்புகள் உண்டு. சிலந்திக்குக் கால்கள் 8, உடற்பகுதிகள் 2, இறகும் கொம்பும் இல்லை. எட்டுக்கால் பூச்சி என்று உலகம் வழங்கினும் அது பூச்சியன்று.

மூலையில் ஒழுங்கற்ற வலையிலே தலைகீழாகத் தொங்கி, தொட்டால் உடலை விரைவாக ஆட்டும் மெலிந்த சிலந்தி, கொசு முதலிய சிறு பூச்சிகளைத் தின்பது. இரைக்கு வலை விரியாது இரவில் சுவரில் ஓடித் திரியும் தட்டையான பெருஞ்சிலந்தி, கரப்பானை வேட்டையாடுவது. கையிற் பிடித்தால் இது கடிக்கக்கூடுமாயினும் உயிருக்கு அபாயமில்லை. பெருங்கொசுவெனத் தோன்றி, பிடித்த மாத்திரத்தில் கால் உதிரும் நெடுங்கால் ஈக்கு 6 கால்கள் உண்டு, அது கடிப்பதேயில்லை.

அஞ்சத் தக்கது அதனினும் சிறிய கொசுவே. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு சுவரில் அமருங்கால் தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்கும். 1897-ஆம் ஆண்டில் ரொனால்டு ராஸ் என்பார் சிக்கந்தராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டது இவ்வகைக் கொசுவின் வயிற்றிலேயாம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் கரிய கால்களில் வெள்ளை வளையங்கள் இருக்கும். அது பெரும்பாலும் பகலிற் கடிப்பது.

சிலந்தியை விட்டுவைத்தால் வீடு ஒட்டடை மயமாகுமே எனின், அதற்குத் துடைப்பம் போதும், நஞ்சு வேண்டுவதில்லை. சிலந்தியால் மட்டும் கொசு ஒழிந்துவிடும் என்பதும் கருத்தன்று. கொசு பிறப்பது தேங்கிய நீரில். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களே செல்லும். ஆதலின் தொழுவத்துத் தொட்டியையும் வீட்டு நீர்த்தொட்டியையும் வாரம் ஒருமுறை வடித்துத் தேய்த்துக் கழுவி, உடைந்த பானை, சிரட்டை முதலியவற்றைக் கவிழ்த்து வைத்தல் வேண்டும்.

செலவின்றிச் செய்யத்தக்க இவ்வேலையை விடுத்து, தீங்கற்ற சிலந்தியின்மேல் விலை கொடுத்து வாங்கிய நஞ்சைத் தெளிப்பது, கள்வனை விட்டுக் காவற்காரனை அடிப்பதாகும். குடியானவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.